ஐம்பது லக்ஸ்

கயிற்றாலையின் கூரை ஒன்பது மீட்டர்.
என் வரைபடத்தில் அது ஒரு சாண்.

லியேபாயாவில் டிசம்பர் பகல்
மூன்றே முக்காலுக்குக் கடையைச் சாத்திவிடும்.
எங்களுக்கு அதுவே வசதி;
இருட்டினால்தான் எங்களுக்குப் பொழுது விடியும்.

வாடகை லிப்ட் வியாழன் மாலை வரைதான்.
பொருட்களோ ரீகாவிலிருந்து வரும் லாரியோடு
எங்கோ பனியில் நிற்கின்றன.
வராதவற்றுக்கு ஒளி குறிப்பது எப்படி?

"அளவு தெரியுமே," என்றாள் அவுஸ்மா,
"ஆள்மாறாட்டம் செய்வோம்."
படகின் பெயர்ப்பலகைக்கு இஸ்திரி மேசை.
நங்கூரத்துக்குப் பனி வாரும் மண்வெட்டி.
காற்றழுத்தமானிக்குத் தாலிவால்திஸின் பிளாஸ்க்
(காபி குடிக்க அவர் இறங்கும்போதெல்லாம்
அந்த மேடை காலியாகிவிடும்).
கம்பளிக் கையுறைக்கு
ஓர் உருளைக்கிழங்கு.

இடது. இன்னும் இடது. போதும்.
ஐயோ, போதும் என்றேனே.
என் குரல் செங்கல் தூணில் மோதி
மேலே போய்ச் சேரும்போது வலதாகியிருக்கும்.

முப்பது பாகை சாய வேண்டும்.
அதற்கு மேல் சாய்ந்தால் பார்க்கிறவர் கண்ணில் குத்தும்.
நிமிர்ந்தால் பொருள் தன் நிழலைத்
தானே விழுங்கி நிற்கும்.

இரும்புக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடு,
வாங்கிக்கொள்ளும்.
மரத்துக்கு நூற்றைம்பது.
கம்பளிக்கு ஐம்பது லக்ஸ்,
ஒன்றுகூடக் கூடாது.
பார்க்கப்படும் ஒவ்வொரு மணிக்கும்
சிவப்பு தன்னிலிருந்து கொஞ்சம் எடுத்துத்தான்
கட்டணம் கட்டுகிறது.

மிக ஒடுக்கமான கற்றையும்
அத்தனை உயரம் இறங்கி வருவதற்குள்
ஒரு சிறுமி கைவிரித்த அகலமாகிவிடும்.
கையுறையோ என் உள்ளங்கை.
தகடுகளால் நாலு புறமும் நறுக்கி நறுக்கி
வட்டத்தைச் சதுரமாக்கிச் சதுரத்தைச் சுருக்கி
ஒன்பதரை மணிக்கு
அந்த மண்டபம் முழுவதும் இல்லாமல் போய்
உருளைக்கிழங்கு மட்டும் இருந்தது.
மண் ஒட்டிய தோல். மூன்று கண்கள்.
யாரும் பேசவில்லை.
மேலிருந்து தாலிவால்திஸ் கேட்டார்:
"இதையே வைத்துவிட்டால் என்ன?"

வெள்ளி காலை லிப்ட் போயிற்று.
மதியம் லாரி வந்தது.
பெயர்ப்பலகை இஸ்திரி மேசையைவிட நீளம்;
கடைசி இரண்டு எழுத்து இருட்டுக்குள்.
விளக்கு எட்டாது, ஆகவே
பலகையை நகர்த்தினோம்.
இப்போது முதல் எழுத்து இருட்டுக்குள்.
திரும்பவும் நகர்த்தினோம்.

கையுறைப் பெட்டியில் கையுறை இல்லை.
ஸெல்மா அம்மாளின் கடிதம்:
யோசித்துச் சொல்கிறேன்.

மேடையில் குறிப்பட்டை ஏற்கெனவே ஒட்டியாயிற்று:
கையுறை, ஒற்றை, கம்பளி, 1957.
அந்த விளக்கை மட்டும் அணைக்க முடியாது,
நங்கூரமும் அதே இணைப்பில்.
சமையலறைக்குப் போய்
உருளைக்கிழங்கைத் தேடி எடுத்து வந்தேன்.

திறப்பு விழாவுக்கு ஸெல்மா வந்தார்.
இடது கையில் அது இருந்தது.
வலது கை கோட்டுப் பைக்குள்.
"வெளியே மைனஸ் பதினொன்று," என்றார்,
"உங்களிடம் தந்துவிட்டு நான் எதைப் போட்டுக்கொள்வது?"

பிறகு மேடையைப் பார்த்தார்.
குறிப்பட்டையைப் படித்தார்.
உருளைக்கிழங்கை எடுக்கக் கையை நீட்டினார்.

சிவப்பு. வெள்ளை. எட்டு முனை விண்மீன்.
கட்டைவிரலில் வேறு நூலால் தைத்த ஒட்டு.
வெளிச்சத்தின் விளிம்புக்கும் கம்பளிக்கும் இடையே
விரற்கடை இருட்டு, எல்லாப் பக்கமும் சமமாக.
நான் போட்ட கணக்கு
ஒரு மூச்சு நேரம் சரியாக இருந்தது.

"முளை விட்டிருக்கிறது," என்று சொல்லி
அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு
பெயர்ப்பலகைப் பக்கம் போனார்.
நாங்கள் அவ்வளவு பாடுபட்டு வெளிச்சமாக்கிய
கடைசி இரண்டு எழுத்தையும்
கண்ணை மூடிக்கொண்டு தடவினார்.

காலி மேடைக்குமேல் ஒளிமானியைப் பிடித்தேன்.
ஐம்பத்தொன்று.